லைட் அடித்தால் ‘நில்லு’வா, ‘போ’வா?

கேள்வி: எனக்கு வயது 33. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஒன்பது வருஷமாக லைசென்ஸ் இருக்கிறது. அவிநாசியிலிருந்து தினமும் நானே கார் ஓட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறேன். என் கணவர் எட்டு மாதமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் நானும் ஐந்து வயது மகளும் அங்கே குடிபோகிறோம். அவர் இங்கிருந்து வாங்கிப்போன இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை வைத்துக்கொண்டு நண்பரின் காரை ஓட்டுகிறார். ஒரு வருஷம் செல்லும் என்கிறார். நானும் அதை வாங்கிக்கொண்டால் போதுமா? வண்டி வலது பக்கம் போகும் என்பதைத் தவிர அங்கே வேறென்ன மாறும்? “திருப்பூர்ல ஓட்டுனவிங்க ஒலகத்துல எங்க வேணும்னாலும் ஓட்டலாங் கண்ணு” என்று மாமனார் சொல்கிறார். அது சரிதானா? — வாசகி, அவிநாசி

பதில்: இதை முழுதாகப் படிக்கும் முன்பு உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டு, காரை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரம் இருக்கிறது.

நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் இன்டர்நேஷனல் பெர்மிட்டில் ஒரு வருஷம் என்றுதான் அச்சாகியிருக்கும். அது அந்தப் புத்தகத்தின் ஆயுள். அதை எத்தனை நாள் ஏற்பது என்பதை வண்டி ஓடும் நாட்டின் சட்டம்தான் முடிவு செய்யும். ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கு அந்தக் காலம் ஆறு மாதம். மொத்தமே ஒரு வருஷத்துக்குள் ஊர் திரும்பிவிடுவோம் என்று ஆதாரம் காட்டி முன்கூட்டியே கேட்டவர்களுக்கு மட்டும் 12 மாதம் வரை நீட்டிக் கொடுப்பார்கள். குடும்பத்தையே அழைத்துக்கொள்கிறவருக்கு அது பொருந்தாது. ஆறு மாதம் தாண்டி ஓட்டினால் ‘லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை’ என்கிற சின்ன அபராதத்தோடு முடியாது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டிய குற்றமாகிவிடும். அபராதமோ ஒரு வருஷம் வரை சிறையோ விதிக்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. தெரிந்தே காரைக் கொடுத்த நண்பரும் அதே பிரிவில் மாட்டுவார். இடையில் விபத்து நடந்தால், எதிராளிக்குக் கொடுத்த பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் கணவரிடம் திரும்பக் கேட்கும். விசா புதுப்பிக்கும்போது இப்படியொரு வழக்கு எப்படிப் பேசும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மாதம் போய்விட்டதே என்று பதற வேண்டாம். ஜெர்மன் லைசென்ஸாக மாற்றித்தரச் சொல்லி இப்போதும் விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும்வரை டிரைவிங் ஸ்கூல் காரில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் அவர் ஓட்ட முடியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கான ஆறு மாதம் நீங்கள் அங்கே குடியேறும் நாளிலிருந்து தனியாக ஓடத் தொடங்கும். கிளம்பும் முன்பே பெர்மிட்டை வாங்கிவிடுங்கள். மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குள் போய்ப் படிவம் 4ஏ நிரப்ப வேண்டும். லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல், படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றிதழ் வேண்டும். கட்டணம் 1000 ரூபாய். லைசென்ஸில் இருக்கும் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் கிடைக்கும். அங்கே போன முதல் வாரத்திலேயே லைசென்ஸுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றும் எடுத்து, மூன்றையும் ஒரே உறையில் போட்டு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் தனியாகச் செல்லாது. ஒரிஜினல் கார்டு கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

நம்மூர்க்காரர்கள் பலர் சிக்கிக்கொள்வது இன்ஷியலில். லைசென்ஸில் ஓர் எழுத்து இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த விசாவில் கணவர் பெயர் என்று இருந்தால் ஜெர்மன் அலுவலருக்கு அது மூன்று பேர். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே திருத்திவிடுங்கள். அங்கிருந்துகொண்டு இதைச் சரிசெய்வது பெரிய அலைச்சல்.

ஜெர்மனி சில நாட்டு லைசென்ஸ்களைப் பரீட்சை இல்லாமலே மாற்றிக்கொடுக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுத வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு உள்ள கட்டாய வகுப்புகள் மட்டும் உங்களுக்குக் கிடையாது. ஆனால் தேர்வுக்குப் போவது டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான். விண்ணப்பத்தோடு கண் பரிசோதனைச் சான்றும் முதலுதவி வகுப்புச் சான்றும் கேட்பார்கள். முதலுதவி வகுப்பு 45 நிமிடமாக ஒன்பது பாடவேளை, ஒரே நாளில் முடிந்துவிடும். கோப்பு நகர வாரக்கணக்கில் ஆகும், சில ஊர்களில் மாதக்கணக்கில். ஆறு மாதம் இருக்கிறதே என்று நான்காவது மாதம் போய் நின்றால் நடுவில் காரைத் தொட முடியாமல் உட்கார வேண்டியதுதான். முகவரியைப் பதிவு செய்த கையோடு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழ், இந்தி கிடையாது. 30 கேள்விகள், தவறுக்குத் தவறு புள்ளி ஏறும். பத்துப் புள்ளி வரை தேர்ச்சி. ஆனால் ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டைத் தவறவிட்டால், மொத்தம் பத்தே ஆனாலும் தோல்விதான். அந்த ஐந்து புள்ளிக் கேள்விகளில் நிறைய முன்னுரிமை பற்றியவை. ஓட்டும் தேர்வு மொத்தம் 55 நிமிடம், ஜெர்மன் மொழியில். ‘லிங்க்ஸ்’ என்றால் இடது, ‘ரெக்ட்ஸ்’ என்றால் வலது, ‘கெராடெஅவுஸ்’ என்றால் நேராக. இந்த மாதிரி இருபது முப்பது சொற்களைக் காதில் ஏற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று லைசென்ஸில் குறித்துவிட வாய்ப்புண்டு. நீங்கள் இங்கே கியர் வண்டி ஓட்டுபவர் என்றால் அங்கேயும் கியர் வண்டியிலேயே கொடுங்கள்.

இப்போது மாமனார் சொன்னதைப் பார்ப்போம். பாதி சரி. அவிநாசியிலிருந்து பூண்டி, அனுப்பர்பாளையம் தாண்டிக் காலை ஒன்பது மணிக்குத் திருப்பூருக்குள் நுழைகிறவருக்குக் கண்ணும் காதும் கூர்மையாகத்தான் இருக்கும். டவுன் பஸ் எந்த இடத்தில் திடீரென்று ஒடிக்கும், கம்பெனி வேன் எங்கே நடுரோட்டில் ஆள் இறக்கும், பீஸ் மூட்டை ஏற்றிய டிவிஎஸ்-50 எந்தச் சந்திலிருந்து வரும் என்று எல்லாமே அத்துப்படி. அந்த விழிப்பு எந்த நாட்டிலும் உதவும். மீதிப் பாதிதான் வம்பு. நம் ரோட்டில் யார் முதலில் போவது என்பதை அந்த நொடியில், அந்த இடத்தில் பேசித்தான் முடிக்கிறோம். ஹாரன் ஒரு வார்த்தை, லைட் ஒரு வார்த்தை, ஜன்னலுக்கு வெளியே நீளும் கை ஒரு வார்த்தை, பம்பரை நாலு விரற்கடை உள்ளே நுழைப்பது கடைசி வார்த்தை. ஜெர்மனியில் இந்தப் பேரம் கிடையாது. யார் முதலில் என்பதைப் பலகையும் கோடும் ஏற்கனவே முடித்துவைத்திருக்கும். எதிரே வருகிறவர் அதை நம்பி, வேகம் குறைக்காமல் வருவார். நீங்கள் பேரத்துக்கு நுழைத்த பம்பரில் அவர் நேராக வந்து இடிப்பார்.

ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லடம் ரோட்டில் எதிரே வரும் பஸ் லைட்டை அடித்து அடித்துக் காட்டினால், ‘நான் வந்துட்டிருக்கேன், நீ அங்கயே நில்லு’ என்று அர்த்தம். அது உங்கள் உடம்பில் ஊறியிருக்கும். ஜெர்மன் சட்டம் லைட் அடிப்பதை ஆபத்தை எச்சரிக்கவும், ஊருக்கு வெளியே முந்துவதைத் தெரிவிக்கவும் மட்டும்தான் அனுமதிக்கிறது. வழக்கத்தில் இன்னொரு அர்த்தமும் ஓடுகிறது. குறுகலான தெருவில் எதிர்க்கார் நின்று ஒருமுறை லைட்டை மினுக்கினால், ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று விட்டுக்கொடுக்கிறார். நம் அர்த்தத்துக்கு நேர் எதிர்! அவர் விட்டது தெரியாமல் நீங்களும் நின்றால் இரண்டு நிமிடம் வீணாகும், அவ்வளவுதான். நீங்கள் ‘நான் வர்றேன், நில்லு’ என்று லைட் அடித்து, அவர் ‘சரி, எனக்கு வழி விடுகிறார்கள்’ என்று வண்டியை எடுத்தால்தான் விபரீதம். முதல் மாதம் அந்த லீவரைத் தொடவே தொடாதீர்கள்.

நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுவதும் அப்படித்தான். நம்மூரில் ஜங்ஷனில் நேராகப் போகப்போகிறேன் என்பதற்கும், மழை கொட்டினாலும் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். நம் சட்டப்படியும் அது தவறு, அதைச் சொல்வார்தான் இல்லை. பக்கத்தில் வருகிறவர் ஒரு பக்கத்து விளக்கை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் திரும்பப்போகிறீர்கள் என்று நினைப்பார். ஜெர்மனியில் அதற்கு அர்த்தம் வண்டி பழுது அல்லது முன்னால் நெரிசல். நிறுத்தத்தில் நிற்கும் பஸ் நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் போகிறவர்களும் எதிரே வருகிறவர்களும் நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும். குழந்தைகள் இறங்கும் இடம் என்பதால் இதில் தேர்வாளர்கள் மன்னிக்கவே மாட்டார்கள்.

ஹாரனும் ஆபத்துக்கும் ஊருக்கு வெளியே முந்துவதற்கும்தான். சிக்னல் பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து அடிக்கும் ஹாரன் அங்கே கெட்ட வார்த்தை மாதிரி. திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுக்கும் ஹாரன் அடித்துத்தான் ஏறவேண்டும், அங்கே அது உயிர்காப்பு. ஆனால் ஜெர்மனியில் தெருவில் சைக்கிளில் போகும் கிழவருக்குப் பின்னால் போய் அடித்தால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

வலதுபக்கப் போக்குவரத்து நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஸ்டியரிங் பிடிக்கும் ஆள் எப்போதும் ரோட்டின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். நீங்கள் ஓரத்துப் பக்கமும் காலி சீட் நடுக்கோட்டுப் பக்கமும் இருந்தால் தப்பான பக்கம் போகிறீர்கள். நெரிசலில் யாரும் தப்புவதில்லை, முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலை, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, இடது பக்கம் திரும்பி முடித்த அந்தக் கணத்தில்தான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும்.

காருக்குள் இரண்டு தொல்லை வரும். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் அதே வரிசைதான். கியர் வலது கைக்குப் போய்விடும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம், அங்கே இடது. முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும். சிரிப்புக்குரிய விஷயம்தான், ஆனால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதாகக் கணக்கு. இன்னொன்று, வண்டியின் அகலம் இப்போது உங்கள் வலது கைப்பக்கம் நீண்டிருக்கும். வண்டியின் உடம்பு இடது பக்கமே இருந்து பழகியவர்கள் வலது ஓரமாக ஒட்டி ஓட்டி, நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடியைத் தட்டிவிடுவார்கள். தட்டிவிட்டால் இறங்கி, சீட்டில் நம்பரை எழுதி வைப்பரில் செருகிவிட்டு வருவது போதாது. உரிமையாளருக்காக நியாயமான நேரம் காத்திருந்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட வேண்டும். கிளம்பிவிட்டால் விபத்து இடத்திலிருந்து ஓடிய குற்றம். ‘கோடுதானே விழுந்திருக்கு’ என்கிற பேச்சு அங்கே எடுபடாது.

ஸ்டுட்கார்ட் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் உங்களுக்கு மிகப் பெரிய சோதனை ‘ரெக்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்’. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலது கைப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். 30 கிலோமீட்டர் வேகப் பகுதிகளில் இதுதான் வழக்கமான விதி. வலது பக்கச் சந்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, நீங்கள் போவது எவ்வளவு அகலமான தெருவாக இருந்தாலும் சரி. நம் நாட்டு விதியிலும் பிரதான சாலை என்று எதுவும் இல்லாத, போலீஸோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலதுபக்கத்து வண்டிக்கே முதலிடம். விதி ஒன்றே, வழக்கம்தான் வேறு: இங்கே பெரிய வண்டிக்கு முதலிடம், அடுத்தது வேகமாக வருகிறவருக்கு.

அதைச் செய்யும் விதத்தை மெதுவாகச் சொல்கிறேன், தேர்வில் அதிகம் பேர் விழும் இடம் இது. சந்து கண்ணில் பட்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இரண்டாவது கியர். தலையை வலது பக்கம் நன்றாகத் திருப்பிச் சந்துக்குள் பாருங்கள். சுவரோ நிறுத்திய வேனோ மறைத்தால், பார்வை விழும்வரை ஊர்ந்து போங்கள், தேவைப்பட்டால் நில்லுங்கள். யாரும் இல்லையென்றால் இடது பக்கமும் ஒரு பார்வை, பிறகு போகலாம். இரண்டு விலக்கு உண்டு. தோட்டம் காட்டுக்குள்ளிருந்து வரும் மண்தடம், அதாவது நம் இட்டேரி மாதிரியானது, தார் ரோட்டுக்கு வழிவிட வேண்டும். வாசல், பெட்ரோல் பங்க், தாழ்த்திய ஓரக்கல்லைத் தாண்டி ரோட்டுக்கு வருகிறவர்களுக்கும் முன்னுரிமை இல்லை. ஓரக்கல் தாழ்ந்திருக்கிறதா என்று தரையைப் பார்த்து முடிவு செய்யும் ரோடு அது.

பெரிய சாலையில் மஞ்சள் நிற வைரச் சதுரம் கண்ணில் பட்டால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அது அடுத்தடுத்த சந்திப்புகளுக்கும் செல்லும். அப்போது வலது சந்து ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் அதுவும் தவறு, பின்னால் வருகிறவர் குழம்பி இடிப்பார். கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வைத்திருப்பதால் ரவுண்டானா உங்களுக்குப் புதிதில்லை. அங்கே சுற்று எதிர்த்திசையில், கடிகார முள்ளுக்கு மாறாக. நுழைவில் வழிவிடும் முக்கோணம் இருக்கும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதலிடம். நுழையும்போது இண்டிகேட்டர் போடக்கூடாது, வெளியேறும் முன்பு வலது இண்டிகேட்டர் கட்டாயம்.

சிக்னலில் ஒரு நுட்பம். நம்மூரில் பெரும்பாலும் எதிர்ப்புறத்திலும் விளக்கு இருக்கும், கோட்டைத் தாண்டி நின்றாலும் தெரியும். ஜெர்மனியில் விளக்கு பெரும்பாலும் நிற்கும் கோட்டுப் பக்கமே. கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டினால் விளக்கு உங்கள் தலைக்குப் பின்னால் போய்விடும், பச்சை விழுந்ததே தெரியாது. நம் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பழக்கத்தில் சிவப்பில் வலது திரும்பாதீர்கள். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பச்சை அம்பு வரைந்த தகடு இருந்தால் மட்டும் திரும்பலாம், அதுவும் சக்கரம் முழுதாக நின்ற பிறகு. சிவப்பில் போனால் 90 யூரோவும் ஒரு புள்ளியும். சிவப்பு விழுந்து ஒரு நொடி தாண்டியிருந்தால் 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

வலது திரும்பும்போது உங்களுக்கு வலப்பக்கம் நேராகப் போகும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். கண்ணாடி மட்டும் போதாது, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதற்கு ‘ஷுல்டர்பிளிக்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த நம்மவர்கள் தேர்வில் தோற்பதற்குக் காரணம் கிளட்ச் அல்ல, இந்தத் தலைதான். நீங்கள் ஓரக்கண்ணால் பார்த்திருப்பீர்கள், ஆனால் பின்சீட்டில் இருக்கும் தேர்வாளருக்கு அது தெரியாது. கழுத்து அசைவது அவருக்குத் தெரிய வேண்டும். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு இடமில்லை என்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான். வரிக்கோட்டில் ஒருவர் கடக்க நிற்பது தெரிந்தாலே நில்லுங்கள், இல்லையென்றால் 80 யூரோவும் ஒரு புள்ளியும்.

ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபான் பற்றி எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். பல இடங்களில் எல்லை இல்லை என்பது உண்மை, 130 பரிந்துரை வேகம். உங்களுக்கு வேகத்தைவிட லேன் ஒழுங்குதான் கஷ்டம். சேலம்–கொச்சி சாலையில் லாரிகள் வலது லேனிலேயே போகும், நாம் இடது பக்கம் நுழைந்து முந்துவோம். லாரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இடது லேனில் நிறுத்திய வண்டி, எதிர்த்திசையில் வரும் பைக், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென ஏறும் ஆட்டோ, ஆள் ஏற்றும் பஸ் என்று அத்தனையும் இருக்கும்போது சரக்கு ஏற்றிய லாரியை அடிக்கடி பிரேக் போட்டு மீண்டும் இழுக்க யாருக்கும் முடியாது. ஆட்டோபானில் அந்தக் காரணங்கள் எதுவும் இல்லை. எனவே வலது லேன்தான் உங்கள் வீடு. முந்தும்போது மட்டும் இடது லேன், முந்தியதும் திரும்ப வலது. வலது பக்கமாக முந்தினால் 100 யூரோவும் ஒரு புள்ளியும். இடது லேனுக்குப் போகும் முன் கண்ணாடியில் தூரத்தில் புள்ளியாகத் தெரியும் காரை அலட்சியம் செய்யாதீர்கள். 200-ல் வருகிற கார் நீங்கள் இண்டிகேட்டர் போட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கும்.

இடைவெளிக்கு எளிய கணக்கு: ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணில் பாதி மீட்டர். 100-ல் போனால் 50 மீட்டர். சாலையோரம் வெள்ளைக் குச்சிகள் 50 மீட்டருக்கு ஒன்று நட்டிருப்பார்கள், அதை வைத்து அளந்துகொள்ளலாம். இங்கே 50 மீட்டர் விட்டால் இரண்டு பைக்கும் ஒரு டெம்போவும் குடிவந்துவிடும். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

நெரிசலில் வண்டிகள் நடை வேகத்துக்குக் குறைந்த உடனேயே, சைரன் கேட்பதற்கு முன்பே, ஆம்புலன்ஸுக்கு வழி திறக்க வேண்டும். இடக்கோடி லேனில் இருப்பவர்கள் இடது ஓரம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லா லேனும் வலது ஓரம். நடுவில் ஒரு தெரு உருவாகும். திறக்காவிட்டால் 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதத் தடை. நம் நாட்டிலும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஆனால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில் ஆளுக்கொரு பக்கம் போவதால்தான் திருப்பூர் குமரன் ரோட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்கிறது. லேன் ஒன்று முடியும் இடத்தில் அங்கே பனியன் ஜிப் மாதிரி, ஒரு பல் இந்தப் பக்கம் ஒரு பல் அந்தப் பக்கம், முடியும் இடம் வரை போய்ச் சேர்கிறார்கள். அதற்குப் பெயரே ஜிப் முறைதான். உங்கள் தொழிலுக்கு மறக்காது.

குடிப்பதில் நம் சட்டம்தான் கெடுபிடி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். அங்கே 50. ஆனால் 30 தாண்டியவர் தள்ளாடி ஓட்டினாலோ விபத்து செய்தாலோ அங்கேயும் குற்றமாகும். 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும் சுத்தமாகப் பூஜ்யம்தான். ஃபோனைக் கையில் எடுத்தால் 100 யூரோவும் ஒரு புள்ளியும். சிக்னலில் நிற்கும்போது எடுத்தாலும் அதே.

மகளுக்கு 12 வயது ஆகும்வரை, அல்லது 150 செ.மீ. உயரம் வரும்வரை சைல்ட் சீட் கட்டாயம். இங்கிருந்து தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் அடியில் ஆரஞ்சு நிற முத்திரையில் ஆர்129 அல்லது 03, 04 என்று முடியும் ஆர்44 இருக்கிறதா பாருங்கள். இல்லாத சீட் அங்கே பயன்படாது. மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கத்தைப் பிளேனிலேயே விட்டுவிடுங்கள். பனிக்காலத்துக்கு, மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் (ஸ்னோஃப்ளேக்) போட்ட குறியுள்ள டயர்தான் செல்லும். வெறும் எம்+எஸ் என்று மட்டும் அச்சிட்ட டயர்கள் 2024 அக்டோபர் முதல் கணக்கில் இல்லை. நண்பரின் காரையோ பழைய காரையோ வாங்கும்போது இதைப் பாருங்கள். முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, மின்னும் மேலுடுப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும்.

கிளம்பும்வரை ஒரு மாதம் இருக்கிறதல்லவா, அதுவே பயிற்சிக் காலம். ஒவ்வொரு திருப்பத்திலும் தோளுக்கு மேல் பாருங்கள். சிக்னல் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவிநாசியிலிருந்து புளியம்பட்டி வரை ஹாரனே தொடாமல் போய்வாருங்கள். முடியும், ஆனால் வேகத்தைக் குறைத்தால்தான் முடியும். அந்த வேகம்தான் அங்கே உங்களுக்கு வேண்டியது. எல்லாவற்றையும் இங்கே பழக வேண்டாம். திருப்பூருக்குள் வரிக்கோட்டில் சட்டென்று நின்றால் பின்னால் வரும் டவுன் பஸ் உங்கள் டிக்கியில் ஏறிவிடும். நிற்பதானால் கண்ணாடியைப் பார்த்து, பிரேக் விளக்கு இரண்டு முறை எரியும்படி முன்கூட்டியே மெல்ல மிதித்துப் பிறகு நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜெர்மன் லைசென்ஸ் கையில் கொடுக்கும்போது உங்கள் தமிழ்நாட்டுக் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். லீவில் அவிநாசிக்கு வந்து மாமனார் வண்டியை எடுக்கும்போது அது கையில் இருக்காது. இப்போதே டிஜிலாக்கரில் லைசென்ஸை ஏற்றிவிடுங்கள், இங்கே போலீஸிடம் அது செல்லும். சொந்தக்காரர்களில் யாராவது லைசென்ஸ் இல்லாமல் ஜெர்மனி போய்க் குடியிருந்துகொண்டு, லீவில் வந்து இங்கே லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் தடுத்துவிடுங்கள். அங்கே குடியிருக்கும் காலத்தில் இங்கே எடுத்த லைசென்ஸை வைத்து அங்கே ஓட்ட முடியாது.